சிறியவளாக இருக்கும்போது விளையாடு

அன்புள்ள யாழினிக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா போனில் பேசியதில் பாதி, நீ ஆடும் எவோவார்ஸ் என்ற பிரவுசர் விளையாட்டைப் பற்றித்தான். "பரீட்சை வருது, இவ பிரவுசரைத் திறந்து வெச்சுக்கிட்டு வாளோட அலையுறா, நீயாவது ரெண்டு வார்த்தை சொல்லுடா" என்றாள். விளையாடாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை, கண்ணு. அந்த விளையாட்டை நானும் ஆடியிருக்கிறேன். இணையதளம் செய்வதே என் பிழைப்பு என்பதால், திரைக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்பதும் ஓரளவு தெரியும். நீ இன்னும் நன்றாக ஆட வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் எத்தனையாவது லெவலுக்குப் போனாய் என்பதை வைத்தே உன் ஆட்டத்தை நீ அளப்பதாக அம்மா சொன்னதிலிருந்து தெரிகிறது. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

லெவல் என்ற ஏற்பாடு பிரவுசருக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டை வெளியிட்டார்கள். தாளும் பென்சிலும் பகடையும் வைத்து ஆடுவது. அனுபவப் புள்ளி சேர்த்து லெவல் ஏறுவது அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. அதில் போர்வீரனுக்கு இரண்டாம் லெவலுக்கு 2,000 புள்ளி, மூன்றாவதற்கு 4,000, நான்காவதற்கு 8,000, ஐந்தாவதற்கு 16,000. ஒவ்வொரு படியும் முந்தியதைப் போல் இரண்டு மடங்கு. முதல் படிகள் கைக்கெட்டும், பிறகு விலகி விலகிப் போகும். நண்பர்கள் கூடி உட்கார்ந்து மாதக்கணக்கில் ஏறிய ஏணி அது. இன்றைய பிரவுசர் விளையாட்டு அதே ஏணியைப் பத்து நிமிடத்துக்குள் சுருக்கி வைத்திருக்கிறது. தொடங்கிய சில விநாடிகளில் இரண்டு மூன்று லெவல் தாண்டிவிடுகிறாய் அல்லவா? அப்போது வருகிற துள்ளல் உண்மையானதுதான். ஆனால் அந்த வேகத்தைத் தந்தது உன் கை இல்லை, விளையாட்டைச் செய்தவர் வரைந்த கோடு. யார் வந்து ஆடினாலும் முதல் படிகள் அப்படித்தான் ஓடும்.

உன் கை எங்கே தெரியும் என்றால், நீ சிறியவளாக இருக்கும்போது. எவோவார்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விதியே இதுதான்: வளர வளர ஆயுதம் நீளும், நடை தளரும். மேல் லெவலில் இருக்கிறவர் எட்ட இருந்தே வெட்டலாம், ஆனால் சட்டென்று திரும்ப முடியாது. ஒருமுறை வீசிவிட்டால் அடுத்த வீச்சுக்குக் கொஞ்சம் காத்திருக்கவும் வேண்டும். அந்த இடைவெளிதான் சிறியவர்களுக்குக் கிடைக்கும் கதவு. உங்கள் பள்ளிக் கபடி அணியில் பாடிப் போகிற பெண் என்ன செய்கிறாள் என்று கவனி. எதிரணிக்காரி காலை எடுத்து வைக்கிற வரை ஆசை காட்டி நிற்பாள். அவள் பாய்ந்த பிறகுதான் இவள் தொடுவாள். பெரிய வாள் வீசப்படுகிற தூரத்துக்கு ஒரு அடி வெளியே நின்று, வீச வைத்து, வீசி முடித்த நொடியில் பக்கவாட்டில் நுழை. முன்னாலிருந்து போகாதே.

நீ பெரும்பாலும் எப்படிச் சாகிறாய் என்று ஊகிக்கிறேன். துரத்தும்போதுதானே? வலது பொத்தானை அழுத்தி ஓடும்போது சேர்த்த அனுபவப் புள்ளியே கரைகிறது. ஒரு ஆளைப் பிடிப்பதற்காக, வளர்ந்ததையெல்லாம் செலவழித்துக்கொண்டு ஓடி, கூட்டத்தின் நடுவில் போய் நிற்கிறோம். அங்கே மூன்றாவது ஒருவர் சும்மா காத்திருக்கிறார். ஓட்டத்தைத் தப்பிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள். துரத்துவதற்கு அதைத் தொடாதே. இந்த ஒரு பழக்கம் வந்தாலே உன் ஆட்டம் மாறிவிடும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது என் தொழில் சார்ந்தது. திரையில் எதிராளியை நீ பார்க்கும் இடம், அவர் சற்று முன்பு நின்ற இடம். யார் யாரை வெட்டினார் என்று தீர்மானிப்பது எங்கோ இருக்கும் சர்வர். அது ஐரோப்பாவில் இருந்தால், நம் ஊரிலிருந்து செய்தி போய்த் திரும்ப ஒரு விநாடியில் ஆறிலோ ஏழிலோ ஒரு பங்கு ஆகிவிடும். போன் ஹாட்ஸ்பாட்டில் ஆடினால் இன்னும் கூடும். 'நான் தள்ளித்தானே நின்றேன்' என்று நீ கோபப்படுகிற சாவுகளில் பல இதனால்தான். லேக் அடிக்கிற நாளில் இன்னும் ஒரு உடல் அளவு தள்ளியே நில்.

சிறியவருக்குக் கதவு திறக்கும் விதி எவோவார்ஸுக்கு மட்டும் உரியதல்ல. பலர் சேர்ந்து ஆடும் இந்தப் பிரவுசர் விளையாட்டு வகையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது 2015இல் வந்த அகார்.ஐஓ. செய்தவர் மதேயுஸ் வலடாரிஸ் என்கிற பிரேசில்காரர். அதில் நீ ஒரு வட்டம். சிறியதைத் தின்று பெரிதாகலாம். பெரிதானால் வேகம் குறையும். அதோடு உடல் எடை தானாகவே மெல்லக் கரைந்துகொண்டும் இருக்கும். பெரியவராக நீடிப்பதற்கே ஓயாமல் தின்ன வேண்டும். பச்சை நிற முள் உருண்டை மேல் பெரிய வட்டம் போய் மோதினால் துண்டு துண்டாகச் சிதறிவிடும். சிறியதோ அதே உருண்டைக்குள் பத்திரமாக ஒளிந்துகொள்ளலாம். மறுவருடம் ஸ்டீவ் ஹவ்ஸ் செய்த ஸ்லிதர்.ஐஓவில், மிக நீண்ட பாம்பின் தலை ஒரு குட்டிப் பாம்பின் உடம்பில் பட்டால் போதும், கதை முடிந்தது. இவற்றைச் செய்தவர்கள் எல்லோருமே பெரியவருக்கு ஏதாவது ஒரு பலவீனத்தை வைத்திருக்கிறார்கள். வைக்காவிட்டால், முதலில் வந்தவரே கடைசி வரை ஆள்வார். புதிதாக வருகிறவர் இரண்டு நிமிடத்தில் டேபை மூடிவிட்டுப் போய்விடுவார். ஓய்வு கிடைக்கும்போது இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் எந்தப் பலவீனத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று யோசித்துப் பார். எனக்கு இதைவிடச் சுவையான புதிர் இந்த விளையாட்டுகளில் வேறு கிடையாது.

இப்போது அம்மாவின் கவலைக்கு வருகிறேன். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீ எழுந்துபோவதற்கு மிகக் கடினமான நேரம் செத்த உடனே வருவது. உயரத்திலிருந்து விழுந்த எரிச்சல் ஒரு பக்கம், கண்ணெதிரே 'விளையாடு' பொத்தான் இன்னொரு பக்கம். இலவச விளையாட்டுகள் பலவும் விளம்பரத்தைக் காட்டுவது அந்த இடத்தில்தான். உன் எரிச்சல்தான் அவர்களுக்கு வருமானம். அதனால் சாவை முடிவாக வைத்துக்கொண்டால் நீ எழவே மாட்டாய். ஒரு நல்ல சண்டையில் ஜெயித்து, உயிரோடு இருக்கும்போதே டேபை மூடிப் பழகு. முதல் தடவை கை வராது. லெவல் வீணாகிறதே என்று தோன்றும். அந்த லெவல் எப்படியும் உன்னோடு வீட்டுக்கு வரப்போவதில்லை. பக்கவாட்டில் நுழையக் கற்ற கை வரும்.

நீ அடிமையாகிவிட்டாயோ என்று அம்மா பயப்படுகிறாள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், கேமிங் கோளாறு என்பது இடம்பெற்றிருக்கிறது. அங்கே இத்தனை மணிநேரம் என்று அளவு எதுவும் இல்லை. நிறுத்த முடியாமல் போவது, மற்றதையெல்லாம் விளையாட்டு பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் நேர்ந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஒரு வருடமாவது நீடிப்பது என்றுதான் சொல்கிறார்கள். நீ அங்கே இல்லை. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் சாப்பிடக் கூப்பிட்டால் 'இதோ, இந்த ஒரு ஆட்டம்' என்று நீ சொல்கிறாயே, அது தினமும் நடந்தால் நானும் அவள் பக்கம்தான்.

சுருக்கமாக இரண்டு விஷயம். நிக்நேமில் உன் பெயரையோ பள்ளியையோ போடாதே. அதே விளையாட்டைக் காட்டி ஏதோ எக்ஸ்டென்ஷன் இறக்கச் சொல்லும் போலித் தளங்கள் ஏராளம். எதையும் இன்ஸ்டால் பண்ணாதே, ஹேக் என்று யார் கொடுத்தாலும் வாங்காதே.

இந்த வாரம் ஆடும்போது ஒரு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள். நீ செத்த மூன்று ஆட்டங்களில் கடைசி ஐந்து விநாடி என்ன நடந்தது, யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், நீ அப்போது எதைத் துரத்திக்கொண்டிருந்தாய் என்று எழுதி எனக்கு அனுப்பு. லெவல் எண்ணை எழுத வேண்டாம்.

அன்புடன்,
மாமா