விரதத்தின் போர்வையில் திரும்பும் நோய்

காஞ்சிபுரத்தை அடுத்த மாகறலில் உள்ள திருமாகறலீசுவரர் திருக்கோயில், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலமாகும். பிணி நீங்க வேண்டி அங்கு வழிபடுவோர் பலர். அவர்களுள் விரதம் மேற்கொள்வோரும் உண்டு. வழிபாட்டால் மனம் ஆறுதல் பெறுவது நன்றே. ஆயினும், உண்ணல் கோளாற்றிலிருந்து மீண்டு வருபவருக்கு உண்ணாநோன்பு மட்டும் ஆகாது. அதன் காரணத்தை இப்பாடத்தில் காண்போம்.

இந்நோய் நமக்கு அயலானது அன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், சிறார்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் கண்ட உண்ணல் கோளாறுகள் பற்றிய ஆய்வை 2007ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுள்ளனர்.

1944-45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாவில், உடலும் மனமும் நலமாயிருந்த 36 இளைஞர்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் உணவு பாதியளவாகக் குறைக்கப்பட்டது. அவர்கள் எந்நேரமும் உணவையே நினைத்தனர். எரிச்சலும் சோர்வும் கொண்டு பிறரை விட்டு விலகினர். பட்டினியே மனத்தை மாற்றும் என்பதை அச்சோதனை காட்டியது. முன்பு நோயுற்றவருக்கோ ஒருவேளை உணவைத் தவிர்ப்பதே பழைய வழியைத் திறந்துவிடக்கூடும். புரட்டாசிச் சனியன்றும் சஷ்டியன்றும் அதனைப் பக்தி என்றே வீட்டார் கருதுவர். நோய் மறைந்துகொள்ள அதைவிட நல்ல இடம் வேறில்லை.

நாம் கவனிக்க வேண்டிய குறிகள் சில: விரத நாட்கள் பெருகுதல், "வெளியில் சாப்பிட்டுவிட்டேன்" என்று அடிக்கடி கூறுதல், உண்டவுடன் குளியலறைக்குச் செல்லுதல், அடிக்கடி எடை பார்த்தல், தளர்ந்த உடைகளை நாடுதல்.

இக்குறிகள் தென்பட்டால் "மறுபடியுமா?" என்று கேளாதிருப்போம். "சில நாட்களாகச் சரியாக உண்ணவில்லை போலும், எனக்குக் கவலையாயிருக்கிறது" என்று தனிமையில் கூறுவோம். மெலிவையோ பருமனையோ பற்றிப் பேச வேண்டா. மூன்று வேளை உணவு, இடையில் சிற்றுண்டி என்னும் ஒழுங்கிற்கு உடனே திரும்புதல் வேண்டும். தவறிய வேளையை ஈடுசெய்ய அடுத்த வேளையைக் குறைத்தல் கூடாது. உடன் அமர்ந்து உண்பது கண்காணிப்பினும் பயன் தரும். நோன்பு நாளில் விளக்கேற்றுதல், கோயிலுக்குச் செல்லுதல், அன்னதானத்தில் பரிமாறுதல் ஆகியவற்றை மேற்கொள்ளலாம்; உணவை மட்டும் விடலாகாது.

மயக்கம், படபடப்பு, நெஞ்சுவலி, ஓயாத வாந்தி, உயிரை வெறுத்த பேச்சு ஆகியவை தோன்றினால் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்து வருக. தொடர் வாந்தியால் குருதியில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு பிறழக்கூடும். பல நாட்கள் உண்ணாதிருந்தவருக்கு ஒரேயடியாக நிறைய ஊட்டுவதும் ஆபத்தே. மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே உணவைக் கூட்ட வேண்டும். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

நோயுற்ற அன்பர்களுக்கு ஒரு சொல். தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் பாவு முழுவதையும் வெட்டி எறிவதில்லை. அறுந்த இடத்தைக் கண்டு, முடிந்து, மேலே நெய்கிறார். பல மாதங்களாக நீங்கள் கற்றுக்கொண்டவை ஒரு சறுக்கலால் அழிவதில்லை. மறைக்காமல் சொல்லுங்கள், அடுத்த வேளை உணவை உண்ணுங்கள். அங்கிருந்தே மீண்டும் தொடங்குவோம்.