கோப்பிக்காசு யார் பற்றில் எழுதுவது?

வியாபாரிகளாகிய நாம் கணக்கு அறிந்தவர்கள். ஆனால் நம் பேரேட்டில் ஏறாத செலவு ஒன்று உண்டு. அதற்குக் கோப்பிக்காசு என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறோம். உண்மைப் பெயர் இலஞ்சம்.

பல ஆண்டுகளுக்கு முன், ஓர் உரிமத்துக்காக நாம் ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். மூன்று வாரம் மேசையில் கிடந்த மனு, ஐம்பது வெள்ளி கைமாறிய மறுநாளே கையெழுத்தாகி வந்தது. காரியம் முடிந்ததென்று அன்று மகிழ்ந்தோம். இன்று கணக்குப் பார்க்கிறோம். அந்த ஐம்பதைச் சரக்கின் விலையில் ஏற்றினோம். ஆகவே கொடுத்தவர் நம் வாடிக்கைக்காரர். நேர்மையாகக் காத்திருந்த அடுத்த கடைக்காரரின் மனு நம் மனுவுக்குக் கீழே போயிற்று. மேசைக்கு அப்பால் இருந்தவரோ, தாமதித்தால் வருமானம் உண்டென்று கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர் நாம்.

இந்தப் பாடம் வளர்ந்தால் என்னவாகும்? 1951 அக்டோபரில் சிங்கப்பூரின் பொங்கோல் கடற்கரையில் 1,800 பவுண்டு அபின் கொள்ளை போயிற்று. மதிப்பு சுமார் 4 இலட்சம் வெள்ளி. கொள்ளையரில் மூவர் போலீஸ் துப்பறிவாளர்! அக்காலத்தில் இலஞ்சத்தை விசாரித்ததும் போலீஸின் ஒரு பிரிவே. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் முறையிடுவது? ஆகையால் 1952 இல் இலஞ்சப் புலனாய்வுக்குத் தனி இலாகா அமைந்தது. 1960 இல் வந்த இலஞ்சத் தடுப்புச் சட்டம், வாங்கியவரோடு கொடுத்தவரையும் தண்டிக்கிறது. "இது எங்கள் தொழிலில் வழக்கம்" என்ற சமாதானம் அங்கே செல்லாது.

மலேசியாவில் நாட்டு வளர்ச்சிக்கென்றே 2009 இல் ஏற்பட்டது 1எம்டிபி நிறுவனம். அதிலிருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கையாடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை கூறியது. அதன் துணை நிறுவனமாயிருந்த ஒன்றின் 4 கோடியே 20 இலட்சம் ரிங்கிட் தொடர்பாக, முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் 2020 இல் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 2022 இல் சிறை சென்றார். பணம் போயிற்று, கடன் நின்றது. அடைக்கும் பாரம் பொதுப்பணத்தின்மீது விழுந்தது. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பாலத்துக்கும் ஆக வேண்டிய பணம் வட்டிக்குப் போனால் நாடு எப்படி முன்னேறும்?

ஐம்பது வெள்ளி எங்கே, கோடிகள் எங்கே என்று சொல்லித் தப்ப வேண்டாம். தொகைதான் வேறு, பழக்கம் ஒன்றே. இனி யார் பணம் கேட்டாலும், "இரசீது உண்டா?" என்று கேட்போம். இரசீதுள்ளது கட்டணம், பேரேட்டில் எழுதலாம். எழுத நம் கை கூசும் பணத்தைக் கொடுக்கவும் கை கூச வேண்டும். மனு ஒரு வாரம் பிந்தினால் பிந்தட்டும்.