சொத்து போன வழியே போங்கள்
ஆங்கிலக் குடும்ப வரலாறு எழுத வருவோருக்குச் சில அறிவுரைகள்

இங்கிலாந்தின் வசதியான குடும்பம் ஒன்றின் வம்சாவளியை எழுத ஆசைப்படும் இளையவர்களே, தந்தை, மகன், பேரன் என்று கோடு இழுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெயர் பெரும்பாலும் ஆண் வழியில்தான் போகும். சொத்தும் கடிதங்களும் செல்வாக்கும் உயில் வழியிலும் மகள் வழியிலும் எங்கெங்கோ போய்விடும். அவற்றைத் தொடர்ந்தால்தான் குடும்பம் முழுதாகத் தெரியும். பிட் குடும்பத்தை உதாரணமாக வைத்து விளக்குகிறேன்.

1. பணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் கேளுங்கள். தாமஸ் பிட் 1653-ல் டார்செட் மாவட்டத்தில் ஒரு பாதிரியாருக்குப் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறித் தனியாக வியாபாரம் செய்து அபராதம் கட்டினார். பிற்பாடு அதே கம்பெனி அவரைச் சென்னை ஜார்ஜ் கோட்டைக்கு ஆளுநராக அனுப்பியது. 1698 முதல் 1709 வரை அந்தப் பதவியில் இருந்தார். ஜாம்சந்த் என்ற வைர வியாபாரியிடம் 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரத்தை 48,000 வராகனுக்கு வாங்கினார். மூத்த மகன் ராபர்ட் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1717-ல் பிரான்சின் அரசப் பிரதிநிதியான ஆர்லியன்ஸ் கோமகன் 1,35,000 பவுண்டுக்கு அதை வாங்கிக்கொண்டார். அதே ஆண்டில் கார்ன்வாலில் பொக்கானக் பண்ணை பிட் கைக்கு வந்தது. ஆள் நடமாட்டமே இல்லாத ஓல்டு சாரம் தொகுதி அதற்கு முன்பே அவருக்குச் சொந்தமாகியிருந்தது. 1735-ல் அந்தத் தொகுதி வழியாகத்தான் பேரன் வில்லியம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். பின்னாளில் பிரதமரான மூத்த பிட் இவர்தான். இதை எழுதாமல் அவரைப் 'புகழ்பெற்ற அரசியல்வாதி' என்று மட்டும் குறித்தால் பாதி உண்மை விட்டுப்போகும்.

2. செவிவழிக் கதையையும் எழுத்துச் சான்றையும் கலக்காதீர்கள். சுரங்கத்தில் வேலை செய்த அடிமை ஒருவன் தன் காலைக் கிழித்து, அந்தப் புண்ணுக்குள் வைரத்தை மறைத்துக் கொண்டுவந்தான் என்று ஒரு கதை உண்டு. வைரத்தை நேர்மையாக வாங்கவில்லை என்ற பேச்சு எழுந்தபோது, பேரம் நடந்த விதத்தை விவரித்துப் பிட் தாமே ஒரு வாக்குமூலம் எழுதிவைத்தார். இரண்டையும் பதிவு செய்யுங்கள். முதலாவது ஆதாரமற்ற கதை. இரண்டாவது ஆதாரம்தான், ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரே எழுதியது. இந்த வேறுபாடு வாசகருக்குத் தெரியவேண்டும்.

3. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் பட்டத்தையும் ஊரையும் சேர்த்தே எழுதுங்கள். ஆளுநர் தாமஸ். லண்டன்டெரி பிரபுவான மகன் தாமஸ். பொக்கானக் பேரன் தாமஸ். முதலாம் கேமல்ஃபோர்டு பிரபுவான கொள்ளுப்பேரன் தாமஸ். அவர் மகன், 1804-ல் துப்பாக்கிச் சண்டையில் இறந்த இரண்டாம் கேமல்ஃபோர்டு பிரபு, அவரும் தாமஸ். வெறும் 'தாமஸ் பிட்' என்று ஒரு தாளில் எழுதிவைத்தால் ஆறு மாதம் கழித்து அது உங்களுக்கே உதவாது.

4. இளைய மகன்களைத் தனியாகக் கவனியுங்கள். நிலம் மூத்தவருக்குப் போவதே அங்கே பெருவழக்கமாக இருந்தது. பொக்கானக் பண்ணை ராபர்ட்டின் மூத்த மகனுக்குப் போனது. இளையவரான வில்லியம் குதிரைப்படையில் சேர்ந்தார். இளையவர்கள் ராணுவம், திருச்சபை, சட்டம், கடல் கடந்த வியாபாரம் என்று சிதறுவார்கள். குடும்பத்தின் அடுத்த உயர்வு பலமுறை அவர்களிடமிருந்தே வரும்.

5. பெண்மக்களின் கோட்டைப் பாதியில் நிறுத்தாதீர்கள். என் அறிவுரைகளில் இதுவே முதன்மையானது. ஆளுநரின் மகள் லூசி, ஜேம்ஸ் ஸ்டான்ஹோப் என்ற தளபதியை மணந்தார். அவர்களுடைய பேரன் சார்லஸ், மூத்த பிட்டின் மகள் ஹெஸ்டரை மணந்தார். பிரிந்த கிளைகள் மறுபடி ஒன்று சேர்ந்தன. இவர்களுக்குப் பிறந்து, கீழை நாடுகளில் பயணம் செய்து, லெபனானில் 1839-ல் இறந்த லேடி ஹெஸ்டர் ஸ்டான்ஹோப் ஆளுநரின் வம்சத்தில் இரண்டு வழியாக வந்தவர். மூத்த பிட்டின் மனைவியோ கிரென்வில் வீட்டுப் பெண். அவருடைய அண்ணனும், அந்த அண்ணன் மகனும், அவர் பெற்ற இளைய பிட்டும் பிரதமர்களானார்கள். கணவரையும் சேர்த்தால் நான்கு பிரதமர்களை இணைப்பவர் ஒரு பெண். ஆண் பெயர்களை மட்டும் அடுக்கிய பட்டியலில் அவர் 'மனைவி' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுவார்.

பொக்கானக் கதையும் அப்படித்தான். துப்பாக்கிச் சண்டையில் இறந்தவருக்கு வாரிசில்லை. பண்ணை அக்கா ஆனிடம் வந்தது. அவர், மேலே சொன்ன அண்ணன் மகனான கிரென்வில் பிரபுவின் மனைவி. குழந்தையில்லாத அவர் 1864-ல் மறைந்தபின், கணவரின் உறவினரான ஃபோர்டெஸ்க்யூ வீட்டாரிடம் அது போனது. ஆளுநரின் கடிதங்களும் அவர்களிடமே போய்ச் சேர்ந்து 1892-ல் அச்சேறின. பிட் என்ற பெயர் கொண்டவர்களிடம் மட்டும் தேடியவருக்கு அவை கிடைத்திருக்கமாட்டா.

6. உயில்களை வரிவரியாகப் படியுங்கள். கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் 1858 வரை பதிவான உயில்கள் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யாருக்கு எவ்வளவு, யாருக்கு ஒன்றுமில்லை என்பதில் குடும்பத்தின் பாசமும் பகையும் தெரியும். மூத்த பிட்டுக்கு மார்ல்பரோ கோமகள் சாரா 1744-ல் 10,000 பவுண்டு விட்டுச்சென்றார். 1765-ல் வில்லியம் பின்சென்ட் என்பவர் சாமர்செட்டில் தம் பண்ணையையே எழுதிவைத்தார். இருவரும் ரத்த உறவல்ல. எனவே உறவினர் உயில்களோடு நின்றுவிடாதீர்கள்.

7. ஆண்டுக் கணக்கில் எச்சரிக்கை தேவை. 1752-க்கு முன் அங்கே சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. பதிவேட்டில் 1690 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1691. திருச்சபைப் பதிவேடுகள் 1538-ல் தொடங்கின. அரசாங்கப் பிறப்பு, இறப்புப் பதிவு 1837 ஜூலையில்தான் வந்தது. நாளும் இடமும் எந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்தவை என்பதைப் பக்கத்திலேயே குறியுங்கள்.

8. அச்சிட்ட வம்சாவளி நூல்களை வழிகாட்டியாகக் கொள்ளுங்கள், தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். பர்க் குடும்பத்தார் 1826-ல் வெளியிடத் தொடங்கிய பிரபுக்கள் தொகுப்புக்குப் பல குடும்பங்கள் தாமே தகவல் கொடுத்தன. பழம்பெருமையைக் கூட்டிச் சொன்ன குடும்பங்களை ஜே. ஹொரேஸ் ரவுண்ட் போன்ற ஆய்வாளர்கள் கடுமையாக அம்பலப்படுத்தினார்கள். சான்றுள்ள தலைமுறையிலிருந்து பின்னோக்கிப் போங்கள். சான்று நின்ற இடத்தில் நீங்களும் நில்லுங்கள்.

9. செல்வத்துக்குக் காரணமான மற்றவர்களுக்கும் இடம் கொடுங்கள். பிட் வீட்டில் பிறந்த ஒவ்வொருவரையும் மேலே சொன்ன வம்சாவளி நூல்களில் தேடி எடுக்கலாம். வைரத்தை விற்ற ஜாம்சந்தோ அங்கே பெயரளவில்தான் நிற்கிறார். மண்ணைத் தோண்டிய கூலிகளுக்குப் பெயரும் இல்லை. மூத்த பிட் பெற்ற சாதம் பிரபுப் பட்டம் 1835-ல் வாரிசின்றி முடிந்தது. ஆனால் அந்தக் குடும்பம் எழுந்த சென்னையின் அன்றாட நடப்பு, ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைக் குறிப்பேடுகளில் பதிவாகியிருக்கிறது. கோட்டையின் பழைய ஆவணங்கள் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. லண்டனில் இருப்பவர் கடல் கடந்து வரவேண்டிய இடம் உங்களில் பலருக்குப் பேருந்துத் தொலைவில் இருக்கிறது. முதலில் அங்கே போய், 1698-ஆம் ஆண்டுக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.