பாதக்குறடு செதுக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நாடகக் குழுவினர் மேடையில் போட்டு நடக்க மரப் பாதக்குறடு கேட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நடிகர் உயரமாகத் தெரிய வேண்டுமாம்; பலகையின் அடியில் பின்கட்டை 3 அங்குலம், முன்கட்டை 1 அங்குலம். உளியை எடுக்கும் முன் இதைப் படித்துவிடு.

தம்மம்பட்டியில் மரம் செதுக்கும் உங்கள் கைகள் பழகியது தசாவதாரத்திலும் யாளியிலும் வாகனத்திலும். அவை பார்ப்பதற்கானவை, கண்ணுக்கு அளவு பொருந்தினால் போதும். குறட்டின் மேல் ஒரு மனிதர் தன் முழுப் பாரத்தோடும் ஏறி நடக்கப் போகிறார். இங்கே அளவைச் சொல்ல வேண்டியது அவருடைய கால்.

வெறுங்காலில் நடப்பவரைக் கவனி. குதிகால் முதலில் தரையைத் தொடும். பாரம் உள்ளங்கால் வழியே உருண்டு பெருவிரலுக்குப் போகும். கடைசியில் ஆடுசதை சுருங்கி உடம்பை முன்னே தள்ளும். குதிகாலைத் தூக்கி வைத்தால் அந்தச் சதை முன்கூட்டியே சுருங்கிவிடுகிறது. தள்ளுவதற்கு அதனிடம் அதிகம் மிச்சமில்லை. எட்டு குறுகும், பாரம் முன்பாதத்தில் இறங்கும், முழங்கால் நன்றாக நீளாது. 1998-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் 20 பெண்களை ஹீல்ஸோடும் வெறுங்காலோடும் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். ஹீல்ஸில் முழங்காலின் உட்பக்கத்து அழுத்தம் சராசரி 23 சதவீதம் கூடியிருந்தது. ஆண்டுக்கணக்கில் ஹீல்ஸ் போட்டவர்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான இன்னொரு ஆய்வு, அவர்களுடைய ஆடுசதை நார்கள் சராசரி 13 சதவீதம் குட்டையாகி, குதிகால் நாண் விறைத்திருந்ததைக் காட்டியது. இதனால்தான் பழகியவர்களுக்குத் தட்டைச் செருப்பில் நடந்தால் கால் இழுக்கிறது.

நடையை மாற்றுவது பெரும்பாலும் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம்தான். உயரம் வேண்டுமென்றால் இரண்டு கட்டையையும் சமமாக வை. ஆனால் அதற்கும் எல்லை உண்டு: கட்டை உயர உயரக் கணுக்கால் பக்கவாட்டில் புரளும். ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்து, அடிப்பாகத்தை அகலமாக விடு.

மரமும் இதையேதான் சொல்கிறது. பலகையில் ரேகை நீளவாக்கில் ஓடும். அதிலிருந்தே இறக்கிச் செதுக்கிய கட்டையில் ரேகை குறுக்காக விழும். உயரமும் ஒல்லியுமாக இருந்தால் ஒரு தப்படியில் பிளந்துவிடும். விரலிடையில் பிடிக்கும் குமிழுக்கும் அதே ஆபத்து. அதைத் தனியாக, ரேகை நிமிர்ந்து நிற்கும்படி கடைந்து, துளையில் இறக்கு. தடிமன் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நெருடாத அளவு இருக்கட்டும். குமிழை விரல் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தாலே எட்டு இன்னும் சுருங்கும்.

இன்னொன்று. கால் வளையும், குறடு வளையாது. ஜப்பானியரின் கெத்தா என்ற மரமிதியடியில், அடியெடுக்கும்போது முன்பல்லின் மேல் மொத்த மிதியடியும் முன்சாய்ந்து உருளும். உன் முன்கட்டையும் அப்படி உருள வேண்டும். விரல் நுனிக்குக் கீழே வைக்காதே. விரல்கள் தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் வை. அதன் முன்விளிம்பை அரத்தால் நன்றாக மழுக்கு. எனக்குத் தெரிந்து குறட்டில் தடுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் இந்த விளிம்பால்தான் விழுகிறார்கள்.

பாலிஷ் போடும் முன் அந்த நடிகரை வரவழைத்து, குறட்டோடு நடக்கச் சொல், திரும்பச் சொல், இரண்டு படி இறங்கச் சொல். முகத்தைப் பார்க்காதே, முழங்காலைப் பார். அது மடங்கியே இருந்தால் பின்கட்டையில் இன்னும் கொஞ்சம் இழைத்து எடு.

அன்புடன்,
அண்ணன்