கூதிர்காலப் பயணம்

செப்டம்பர் முதல் நவம்பர் வரையுள்ள மேலைநாட்டுப் பருவத்தை இலையுதிர்காலம் என்று மொழிபெயர்க்கிறோம். அவர்கள் நாட்டுக்கு அது பொருந்தும். நம் நாட்டிலோ மரங்கள் பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான் இலையுதிர்க்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் தழைத்து நிற்கின்றன. இவ்விரு திங்களையும் நம் முன்னோர் கூதிர் என்றனர். நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை 188 அடிகளில் இப்பருவத்தின் குளிரைப் பாடுகிறது. அங்கே அரசி அரண்மனையில் வருந்துகிறாள்; அரசன் பாசறையில் உறங்காதிருக்கிறான். பிரிந்தோர்க்குத் துன்பம் தரும் அக்கூதிரே, ஊர் காணப் புறப்படுவோர்க்கு ஆண்டின் இனிய பொழுது என்பது என் துணிபு.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ஊர்திகளால் நாடெங்கும் அறியப்பட்ட திருச்செங்கோட்டில், நீர் என்பது பாறையைத் துளைத்துத் தேடவேண்டிய பொருள். மழை ஓய்ந்த ஒரு காலையில் அங்குள்ள அர்த்தநாரீசுவரர் மலைப்படிகளில் ஏறிப் பாருங்கள். கோடையில் புழுதித்திரைக்குள் மங்கிக் கிடக்கும் சங்ககிரி, கைக்கெட்டும் தொலைவில் நிற்பதுபோல் தெளிந்து தோன்றும். பாறை சுடாது; படியேறுவோர் களைப்பதும் குறைவு.

கிழக்கே, வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். அத்தனையும் திரும்ப ஏறவேண்டும் என்பதை இறங்குவோர் மறந்துவிடுகின்றனர்! வெள்ளம் பெருகும் நாள்களில் அருவிக்குச் செல்லத் தடை விதிப்பர். அன்று மிளகுக்கொடி படர்ந்த மரங்களிடையே நடப்பதே போதும்.

காவிரியின் போக்கில் கிழக்கே சென்றால் இப்பருவப் பயணத்தின் பழைய வழக்கம் ஒன்றைக் காணலாம். ஐப்பசி முழுதும் மயிலாடுதுறையில் துலா நீராடல் நிகழும், இறுதிநாள் கடைமுழுக்கு. நடக்கவியலாத ஒருவர் ஒருநாள் பிந்தி வந்தார் என்றும், அவர்பொருட்டு அப்பேறு கார்த்திகை முதல்நாளுக்கும் நீட்டிக்கப்பட்டது என்றும் கூறுவர். அந்நாளுக்கு முடவன் முழுக்கு என்று பெயர். வழியில் பிந்தியவரையும் எண்ணிப் பார்த்த மரபு அது.

கடற்கரையில் கோடியக்கரை. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்நிலத்துக்கு, வடநாட்டுக் குளிருக்கு முன்பே புறப்பட்ட உள்ளான்கள் கூதிரில் வந்துசேர்கின்றன, பூநாரைகளும் கூடுகின்றன. புயலுக்கு உரிய பருவமும் இதுவே. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது இப்பகுதியில் மரங்கள் பல வீழ்ந்தன. எனவே, வானிலை அறிவிப்பைக் கேட்டபின் பயணச்சீட்டு வாங்குங்கள். கடல் அமைதியாக உள்ள வாரம் வாய்த்தால், விடியும்போதே அங்கிருங்கள்; வெயில் ஏறினால் பூநாரைகள் கானலுக்குள் கலங்கித் தெரியும்.