பூட்டி வைத்த அட்டவணை காலியான கதை

டேட்டாபேஸ் படிக்கிற தம்பி தங்கைகளே, நான் பட்ட பாட்டைக் கேளுங்க.

எங்கள் வட்டார முகாம் பதிவுக்காக போஸ்ட்கிரெஸில் இரண்டு அட்டவணை செய்திருந்தேன். ஒன்று ‘உறுப்பினர்’: பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண். மற்றது ‘கட்டணம்’. இதன் ஒவ்வொரு வரியும் ஃபாரின் கீ மூலம் ஓர் உறுப்பினரைச் சுட்டும். பதிவு மேசையில் இருந்த தம்பிக்கு உறுப்பினர் அட்டவணையில் பார்க்க, சேர்க்க, திருத்த, அழிக்க எல்லா உரிமையும் கொடுத்தேன். கட்டண அட்டவணையில் பார்க்க மட்டும்தான். பணக்கணக்கு பத்திரம்னு நிம்மதியா தூங்கினேன்.

இரண்டு முறை பதிவான பெயர்களில் பழையதை அவர் அழித்தார். மறுநாள் பார்த்தா, 14 பேர் கட்டிய பணத்துக்குக் கணக்கே இல்லை! பொருளாளர் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது?

தம்பி மேல தப்பில்ல. ஃபாரின் கீ-யில் ‘ஆன் டிலீட் கேஸ்கேட்’ என்று எழுதியவன் நான்தான். தாய் வரி போனால் பிள்ளை வரியும் போகும். அந்த இரண்டாவது அழிப்பை போஸ்ட்கிரெஸ், பிள்ளை அட்டவணையின் உரிமையாளர் பெயரில் செய்கிறது. அதனால் தம்பிக்கு அங்கே அழிக்கும் உரிமை இருக்கா என்று கேட்கவே கேட்காது.

முதல் வேலையாக கேஸ்கேடை ‘ரெஸ்ட்ரிக்ட்’ ஆக்கினேன். கட்டணம் இருக்கும்வரை உறுப்பினர் வரியை யாராலும் அழிக்க முடியாது. அழிக்கும் உரிமையையும் ‘ரிவோக்’ செய்துவிட்டேன். உரிமைகளை ஆளுக்கு ஆள் கொடுக்காமல் ‘பதிவுமேசை’ என்ற ரோலுக்குக் கொடுத்தேன். ஆள் மாறினால் ரோலில் இருந்து எடுத்தால் போதும். சமையல் குழுவுக்குப் பெயரும் உணவு வகையும் மட்டும் காட்டும் வியூ போதும். வியூவுக்கு உரிமை கொடுத்தால் சரி, அடியில் உள்ள அட்டவணையைத் திறந்துவிட வேண்டியதில்லை. அடையாள அட்டை எண் அவங்களுக்கு எதுக்கு?

இன்னொரு தொல்லை: எண் கொடுக்க ‘சீரியல்’ பயன்படுத்தினால், அட்டவணையில் சேர்க்கும் உரிமை மட்டும் போதாது, சீக்வென்ஸுக்கும் ‘யூசேஜ்’ கொடுக்கணும். இதிலேயே எனக்கு ஒரு மாலை போச்சு.

இப்போ உரிமை எதுவும் கொடுத்தவுடன் ‘பிகின்’ போட்டு, ‘செட் ரோல்’ மூலம் அந்த ரோலாகவே மாறி, ஒரு வரியை அழித்துப் பார்ப்பேன். அடுத்த அட்டவணையில் எத்தனை வரி மிச்சம் என்று எண்ணுவேன். பிறகு ‘ரோல்பேக்’. அந்த 14 பேர் கணக்கை, அக்காவோடு உட்கார்ந்து ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி தட்டினேன்.