பிளகார்டைத் தூக்கும் முன்

கண்ணு, அடுத்த வாரம் உன் முதல் மாதிரி ஐ.நா. கூட்டம் என்றாய். நானும் ஒரு காலத்தில் ஒரு நாட்டின் பெயர் எழுதிய பிளகார்டோடு, அதன் டெலிகேட்டாக உட்கார்ந்தவள். பிறகு பல வருஷம் பிள்ளைகளைத் தயார் செய்தவள். நான் தப்புச் செய்து கற்றதை உனக்குச் சொல்கிறேன்.

1. சின்ன நாடு கிடைத்தால் முகம் சுளிக்காதே. அமெரிக்கா கிடைக்கவில்லை என்று அழுத பிள்ளைகள் உண்டு. மால்டா எத்தனை சின்னத் தீவு! 1967-இல் அதன் தூதர் அர்விட் பார்டோ ஐ.நா.வில் எழுந்து, ஆழ்கடல் தரை மனிதகுலம் முழுமைக்கும் பொதுச்சொத்து என்று வாதாடினார். 1982-இன் கடல் சட்ட ஒப்பந்தத்துக்கு அங்கேதான் விதை விழுந்தது.

2. உன் மனசுக்கு ஒவ்வாத நிலைப்பாடும் உன் பங்குக்கு வரும். உன் நாட்டின் நிலைப்பாட்டைச் சொல்லும் பொசிஷன் பேப்பர் எழுதுமுன், இந்த நாடு எதற்குப் பயப்படுகிறது என்று ஒரே ஒரு வரி எழுதிப் பார். பயம் புரிந்தால் பேச்சு தானாக வரும்.

3. காது கொடு, கண்ணு. இதைத்தான் நான் மிகத் தாமதமாகக் கற்றேன். நைல் நீர்ப் பங்கீடு பற்றிய கமிட்டி, நான் எகிப்து. 1959 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 5,550 கோடி கனமீட்டர் எங்களுடையது என்று முழங்கினேன். கைதட்டல் அடங்குமுன் எத்தியோப்பியாவாக உட்கார்ந்திருந்த பெண்ணிடமிருந்து ஒரு சிட் வந்தது. நோட்டிலிருந்து கிழித்த நாலு விரல் காகிதம், பென்சில் எழுத்து. 'அதில் எங்கள் கையெழுத்து இல்லையே, பேசலாமா?' என்று கேட்டிருந்தாள். மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். எழுந்து நடமாடித் தனித்தனியாகப் பேசும் 'அன்மாட்' நேரம் தொடங்கியதும் பாதி அறை அவள் நாற்காலியைச் சுற்றி நின்றது. என் தீர்மானத்துக்குப் போதிய ஆதரவுக் கையெழுத்துச் சேரவில்லை, மேசைக்கே வரவில்லை. நைலின் பெரும்பகுதி நீர் எத்தியோப்பிய மலைகளிலிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அவளிடம் போகவில்லை.

4. அவசரப்படாதே. நான் முதலில் சொன்ன கடல் சட்ட ஒப்பந்தத்தை உருவாக்கிய மாநாடு 1973-இல் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் நடந்தது. தலைமை தாங்கிய இலங்கையின் ஷெர்லி அமரசிங்க 1980-இல் காலமானார். சிங்கப்பூரின் டாமி கோ முடித்து வைத்தார். உனக்கு இரண்டே நாள்தான். ஆனாலும் 'கண்டிக்கிறது' என்பதைக் 'கவலை கொள்கிறது' என்று மாற்றினால் இன்னொரு கையெழுத்து விழும் என்றால், உட்கார்ந்து பேசு. வார்த்தையில் இறங்கி வருவது தோல்வியல்ல.

5. பரிசு வந்தால் வாங்கிக்கொள். வராவிட்டால் வாடாதே.

6. கூட்டம் கலைந்ததும் உன்னோடு கடுமையாக வாதாடிய பிள்ளையைத் தேடிப் போ. சேர்ந்து சாப்பிடு, பெயரைக் கேள். நான் அந்த எத்தியோப்பியாவின் சொந்தப் பெயரைக் கேட்காமலேயே பஸ் ஏறிவிட்டேன்.